நினைவும் நம்பிக்கையும்

நுழையும்முன்

'இந்த வயதில் இனி என்ன மண்டையில் ஏறப்போகிறது?' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அச்சொல் ஓர் உண்மையைக் கூறுகிறதா, அல்லது ஓர் உண்மையை உருவாக்குகிறதா? தம் நினைவாற்றலைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கை அவர் கற்கும் முறையை எவ்வாறு மாற்றுகிறது, அம்மாற்றம் முதுமையில் எத்தகைய விளைவைத் தருகிறது என்பவற்றை உளவியல் ஆய்வுகளின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

ஒரே வீட்டில் ஒரே நாளில் இருவர் மறக்கின்றனர். 16 வயதுப் பெயர்த்தி பள்ளிக்குக் குடையை எடுத்துச் செல்ல மறந்துவிடுகிறாள். 68 வயதுப் பாட்டி கடைக்குச் சென்று, வாங்க வேண்டிய பொருள்களுள் வெந்தயத்தை மட்டும் விட்டுவிட்டுத் திரும்புகிறார். பெயர்த்தியின் மறதிக்கு வீட்டார் கூறும் காரணம் 'கவனம் போதாது' என்பது. பாட்டியின் மறதிக்கு அவரே கூறிக்கொள்ளும் காரணம் 'வயதாகிவிட்டது' என்பது. மறதி ஒன்றுதான், அதற்குக் கற்பிக்கப்படும் காரணங்களே வேறு. கவனத்தைத் திருத்திக்கொள்ளலாம், வயதைத் திருத்திக்கொள்ள இயலாது. எனவே, பெயர்த்தி மறுநாள் குடையைக் கதவருகே மாட்டிவைக்கிறாள். பாட்டியோ அடுத்த முறை கடைக்குத் தாம் செல்லாமல் பிறரை அனுப்புகிறார்.

ஒருத்தி ஓர் உத்தியைக் கைக்கொண்டாள். மற்றவர் முயற்சியையே கைவிட்டார். இவ்வேறுபாட்டைத் தோற்றுவித்தது வயதா, வயதைப் பற்றிய நம்பிக்கையா என்னும் வினாவை உளவியலாளர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றனர்.

இதைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. இளமையில் கற்றது கல்லில் வெட்டிய எழுத்தைப் போல நிற்கும் என்பது ஒன்று. அக்கருத்தைக் கேட்டவர், முதுமையில் கற்பது நிற்காது என்று தாமே முடிவு செய்துகொள்கிறார். பழமொழி அவ்வளவு தூரம் சொல்லவில்லை. மற்றொன்று வள்ளுவருடையது. இறக்கும்வரை ஒருவன் கல்லாமல் காலம் கழிப்பது எதனால் என்று அவர் வியந்து கேட்கிறார். ஒரே மொழியில் இரண்டும் உள்ளன. ஆனால், நாம் அன்றாடம் எடுத்தாள்வது முதலாவதைத்தான்.

முதுமையில் மாறுவது எது?

முதுமையில் நினைவாற்றல் மாறுவது உண்மை. அதை மறுப்பது அறிவியலாகாது. ஆனால், 'நினைவாற்றல்' என்று நாம் ஒருமையில் குறிப்பிடுவது உண்மையில் ஒரே ஆற்றல் அன்று.

வயது ஏற ஏற, செய்தியை உள்வாங்கிச் செயற்படும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் பலவற்றை மனத்தில் நிறுத்திக் கையாள்வது கடினமாகிறது. தெரிந்தவரின் பெயர் நாவின் நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. எவ்விதக் குறிப்புமின்றித் தாமாகவே நினைவுகூர்வது முன்பிருந்ததைவிட அரிதாகிறது. ஆனால், கண்டதைக் கண்டவுடன் 'இது அது' என அடையாளம் காணும் ஆற்றல் அவ்வளவாகக் குன்றுவதில்லை. சொல்வளம் முதுமையிலும் நெடுநாள் நிலைக்கிறது. நீச்சல், நெசவு, சமையல் போன்று கையோடும் உடலோடும் கலந்துவிட்ட திறன்கள் பெரும்பாலும் நீங்குவதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் என்னும் உளவியலாளர் 1956ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். பல வயதினரைச் சோதித்த அவர், ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அவர்களைச் சோதித்து வந்தார். ஒரே நாளில் இளையோரையும் முதியோரையும் சோதித்து ஒப்பிட்டபோது வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது. அதே மனிதரை ஆண்டுகள் கடந்து மீண்டும் சோதித்தபோது, பல திறன்களில் தேய்வு பிந்தித் தொடங்குவதும் அதன் அளவு சிறியதாக இருப்பதும் புலப்பட்டன. இம்முரணுக்குக் காரணம் எளியது. முதல் ஒப்பீட்டில் வயது மட்டும் வேறுபடவில்லை, தலைமுறையே வேறுபட்டது. பள்ளிக்கல்வி, உணவு, மருத்துவம், தேர்வெழுதும் பழக்கம் ஆகிய அனைத்தும் வேறுபட்டிருந்தன.

நம் நாட்டில் இவ்வேறுபாட்டை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர். பெண்களுள் எழுத்தறிவு பெற்றோர் 9 விழுக்காட்டினர்கூட இல்லர். அக்காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி இன்று வங்கிப் படிவத்தின் முன் தடுமாறினால், அத்தடுமாற்றத்தில் வயதின் பங்கு எவ்வளவு, கிடைக்காமற்போன பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. 'வயதாகிவிட்டது' என்னும் ஒற்றைச் சொல் இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது.

பழையது நிலைப்பது ஏன்?

'ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது அப்படியே நினைவிருக்கிறது. நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை' என்பது முதியோர் பலரின் கூற்று. தம் நினைவாற்றல் கெட்டுவிட்டது என்பதற்கு இதையே அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். இச்சான்று வலுவானது போலத் தோன்றினாலும் அதில் ஒரு குறை உண்டு.

முதியோரிடம் அவர்தம் வாழ்வின் நினைவுகளைக் கூறுமாறு கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுவரை நிகழ்ந்தவையே மிகுதியாக வெளிப்படுகின்றன. இதனை ஆய்வாளர்கள் பலமுறை உறுதிசெய்துள்ளனர். பள்ளி, முதல் வேலை, திருமணம், முதல் குழந்தை என வாழ்வின் புதுமைகள் செறிந்த பருவம் அது. அந்நினைவுகள் திண்ணையிலும் திருமண வீட்டிலும் நூறுமுறை சொல்லப்பட்டவை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு மேலும் வலுப்பெறுகிறது. நேற்றைய சாப்பாட்டை யாரும் யாருக்கும் கதையாகச் சொல்வதில்லை. மேலும், அன்றைய நாள்களில் ஆயிரக்கணக்கானவை மறந்துபோயின. எஞ்சிய சிலவே நம் கண்ணுக்குப் படுகின்றன. மறந்தவை மறந்துபோனதால் அவை கணக்கில் வருவதில்லை!

1855இல் பிறந்த உ.வே. சாமிநாதர், தம் 85ஆம் வயதை ஒட்டி 'என் சரித்திரம்' என்னும் தன்வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் எழுதத் தொடங்கினார். 1942இல் மறையும்வரை அது தொடர்ந்தது. தம் இளமைக்கால ஆசிரியர்களையும் ஊர்களையும் பெயர்களையும் அவர் விரிவாக எடுத்துரைத்ததைக் கண்டு வியப்பவர்கள், அதனைப் பிறவிப் பேறு என்று கூறி நிறுத்திவிடுவதுண்டு. பாடம் கேட்டதைப் பாடம் சொல்லியும், ஏடுகளை ஒப்பிட்டும், குறிப்பெடுத்தும், முன்னுரை எழுதியும் பல்லாண்டுகள் அந்நினைவுகளை அவர் கையாண்டு வந்தார் என்பதையும் சேர்த்து எண்ணினால் வியப்புக் குறையாது, விளக்கம் கிடைக்கும்.

நம்பிக்கையை அளத்தல்

நினைவாற்றலை அளக்கச் சோதனைகள் உண்டு. நினைவாற்றலைப் பற்றிய நம்பிக்கையை எவ்வாறு அளப்பது? 1980களில் ரோஜர் டிக்சன், டேவிட் ஹல்ட்ச் என்னும் உளவியலாளர்கள் இதற்கென ஒரு வினாத்தாளை உருவாக்கினர். நினைவில் வைக்க நீங்கள் கையாளும் உத்திகள் யாவை, உங்கள் நினைவாற்றல் காலப்போக்கில் தேய்கிறது என்று எண்ணுகிறீர்களா, நினைவைச் சோதிக்கும் நிலை வந்தால் பதற்றமடைகிறீர்களா, உங்கள் நினைவாற்றல் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று பல கோணங்களில் அது வினவியது. இவற்றுள் கடைசி வினா மிக முதன்மையானது. தம் நினைவு தம் கையில் இல்லை என்று எண்ணுபவர், அதற்காக உழைப்பதில் பொருளில்லை என்றே கருதுவார்.

மார்ஜி லாக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் உடன் ஆய்வாளர் ஒருவருடன் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அவ்வாய்வில் பங்கேற்றோர் ஒரு சொற்பட்டியலைக் கற்று நினைவுகூர வேண்டும். பட்டியலிலுள்ள சொற்களை வகைப்படுத்த இயலும். ஆனால், அவை கலைத்துப் போடப்பட்டிருக்கும். கலப்பை, கொய்யா, தவில், மண்வெட்டி, மாதுளை, நாகசுரம், அரிவாள், பறை, நாவல் என்று ஒரு பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். வரிசையாகவே மனனம் செய்ய முயல்பவர் சிலவற்றைத் தவறவிடுவார். கருவிகள், பழங்கள், இசைக்கருவிகள் என மூன்றாகப் பகுத்துக்கொள்பவருக்கு ஒன்பதும் எளிதில் வந்துவிடும். 'பழங்கள்' என்று எண்ணியவுடன் கொய்யா தன் பின்னால் மாதுளையை இழுத்து வருகிறது.

தம் நினைவு தம் கட்டுப்பாட்டில் உள்ளது என்று நம்பிய நடுவயதினரும் முதியோரும் இவ்வாறு பகுத்துக் கற்கும் உத்தியை மிகுதியாகப் பயன்படுத்தினர். மிகுதியான சொற்களை நினைவுகூர்ந்தனர். நம்பிக்கை நேரே நினைவைக் கூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கை உத்தியைத் தேர்ந்தது. உத்தி நினைவைக் கூட்டியது. 'நம்பினால் எல்லாம் முடியும்' என்னும் மேடைப்பேச்சுக்கும் இவ்வாய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. உத்தி இல்லாத நம்பிக்கையால் கொய்யாவும் வராது, மாதுளையும் வராது.

தெரிந்து தெளிவோம்

நினைவாற்றலை ஒரு கலையாகவே வளர்த்த மரபு தமிழுக்கு உண்டு. கவனகம் எனப்படும் அவதானக் கலையில் ஒருவர் பல செயல்களை ஒரே அமர்வில் நினைவில் நிறுத்திச் செய்துகாட்டுவார். செய்குதம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களைச் செய்துகாட்டிச் 'சதாவதானி' எனப் பாராட்டப் பெற்றார்.

அறிந்தும் நம்பாமை

முதியோரின் நம்பிக்கைக்கும் உத்திக்கும் உள்ள தொடர்பை மிக நுட்பமாகக் காட்டியவை டேனா டூரான், கிறிஸ்டோபர் ஹெர்ட்சாக் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய தொடர் ஆய்வுகள். அவற்றின் அமைப்பை அறிந்துகொள்வது பயனுடையது.

கணினித் திரையில் ஓர் அட்டவணை தோன்றும். அதில் சொற்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டிருக்கும். 'மேகம் – சாவி', 'படகு – கிண்ணம்' என்பன போல அவ்விணைகள் அமையும். அதே திரையில் தனியாக ஓர் இணை காட்டப்படும். அவ்விணை அட்டவணையில் உள்ளதா, இல்லையா என்று பங்கேற்பாளர் விரைந்து கூற வேண்டும். தொடக்கத்தில் அனைவரும் அட்டவணையைப் பார்த்தே விடை கூறுவர். அதே இணைகள் மீண்டும் மீண்டும் வருவதால் சிறிது நேரத்தில் அவை மனத்தில் பதிந்துவிடும். அதன்பின் அட்டவணையைப் பார்க்கத் தேவையில்லை. நினைவிலிருந்தே விடை கூறலாம். அது விரைவான வழியும் ஆகும்.

இளையோர் சிறிது பயிற்சிக்குப் பின் அட்டவணையைக் கைவிட்டனர். முதியோர் பலர் கைவிடவில்லை. ஒவ்வொரு முறையும் அட்டவணையைத் தேடித் தேடி விடை கூறினர். முதியோர்க்கு இணைகள் மனத்தில் பதியவில்லை என்றுதான் எவரும் முதலில் எண்ணுவர். ஆய்வாளர்கள் அதையும் சோதித்தனர். இணைகளை முன்னரே நன்கு கற்றுக்கொண்ட பின்னரும், முதியோர் அட்டவணையை நாடுவதை விடவில்லை. இணைகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தமக்குத் தெரியும் என்பதைத்தான் அவர்கள் நம்பவில்லை.

பின்னர் நிகழ்ந்த ஆய்வொன்றில், விரைந்து விடை கூறுவோர்க்குச் சிறு தொகை பரிசாக அளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. முதியோர் முன்னைவிட மிகுதியாக நினைவை நாடினர். பரிசுப்பணத்தால் மூளை இளமையடைந்துவிடாது. இருந்த நினைவைப் பயன்படுத்தத் துணிந்தனர் என்பதே நிகழ்ந்தது.

முதியோரின் இத்தயக்கத்தை அறியாமை என்று இகழ்வது தகாது. பிழை நேர்வதைவிடக் காலம் தாழ்வதே மேல் என்பது அவர்கள் வாழ்வில் கற்ற பாடம். மருந்தை எடுக்கும்போதும் பணத்தை எண்ணும்போதும் இருமுறை பார்ப்பது நற்பழக்கமே. ஆனால், எல்லா இடத்திலும் எப்போதும் பார்த்தே செய்பவர் தம் நினைவுக்கு வேலை கொடுப்பதில்லை. வேலை கொடுக்காத நினைவு சரியாகத்தான் இருக்கிறது என்பதை அறியும் வாய்ப்பும் அவருக்கு அமைவதில்லை. ஐயம் முயற்சியைக் குறைக்கிறது. குறைந்த முயற்சி ஐயத்தை வளர்க்கிறது. செக்கைச் சுற்றும் மாடு போல மனம் இவ்வட்டத்துள்ளேயே சுழல்கிறது.

சூழலும் இவ்வையத்தைத் தூண்டக்கூடும். ரஹால், ஹாஷர், கோல்கோம் ஆகியோர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இளையோரும் முதியோரும் பலருக்கும் தெரியாத சில செய்திகளைக் கற்றனர். ஒரு பிரிவினர்க்கு, 'இது உங்கள் நினைவாற்றலைப் பற்றியது' என்று அழுத்திக் கூறப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு நினைவைப் பற்றிய பேச்சே எடுக்கப்படவில்லை. முதற்பிரிவில் முதியோர் இளையோரைவிடப் பின்தங்கினர். இரண்டாம் பிரிவில் இரு வயதினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. கற்ற செய்தி ஒன்றே. மாறியது அறிவுரை மட்டுமே. இத்தகைய விளைவின் அளவு பின்வந்த ஆய்வுகள் அனைத்திலும் ஒன்றுபோல் அமையவில்லை என்பதையும் கூற வேண்டும். எனினும், 'இப்போது உங்கள் ஞாபகசக்தியைச் சோதிக்கப்போகிறேன்' என்று தொடங்குவது முதியவரிடம் உரையாட நல்ல தொடக்கமன்று என்று கொள்வதில் தவறில்லை.

இளையோரின் தவறான நம்பிக்கை

நினைவைப் பற்றிய பிழையான நம்பிக்கை முதியோர்க்கு மட்டும் உரியதன்று. மாணவர்களாகிய நீங்கள் தேர்வுக்கு முன் என்ன செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பலர் பாடத்தை மீண்டும் மீண்டும் படிப்பர். நான்காம் முறை படிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடும். அவ்வோட்டத்தையே அறிவு என்று மனம் கொள்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006ஆம் ஆண்டு இந்நம்பிக்கையைச் சோதித்தனர். கல்லூரி மாணவருள் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு சுற்றுகள் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்தனர். எஞ்சிய மூன்று சுற்றுகளில் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஏறத்தாழ 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் எஞ்சியது ஏறத்தாழ 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் எஞ்சியது ஏறத்தாழ 61 விழுக்காடு. ஆயினும், தமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்கப்பட்டபோது, மிகுந்த உறுதியோடு இருந்தவர்கள் மீண்டும் மீண்டும் படித்த பிரிவினரே.

இங்கும் நம்பிக்கையே உத்தியைத் தேர்கிறது. முதியவர் தமக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று எண்ணி அட்டவணையைப் பார்க்கிறார். மாணவர் தமக்குத் தெரியாததைத் தெரியும் என்று எண்ணி நூலைப் பார்க்கிறார். இருவர் கண்களும் தாளைவிட்டு அகல்வதில்லை. விடைத்தாளை அருகில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் மாணவனும் இவர்களோடு சேர்க்கத்தக்கவனே.

ஒரே மூச்சில் கற்பதைவிட இடைவெளி விட்டுக் கற்பது நன்கு நிலைக்கும் என்பது ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டு தம்மையே சோதித்து எழுதிய நூலின் காலம்தொட்டு அறியப்பட்டது. இம்முறை இளையோர்க்கு மட்டும் பயன்தருவதன்று. நேட் கார்னெல் முதலியோர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இடைவெளி விட்டுக் கற்றல் இளையோர், முதியோர் ஆகிய இரு சாரார்க்கும் உதவியது. வயதுக்கு வயது கற்றலின் வேகம் மாறலாம். கற்றலின் நெறி மாறுவதில்லை.

நம்பிக்கையின் எல்லை

இவ்வளவும் கூறியபின், இதன் மறுபக்கத்தையும் கூறாவிடில் கட்டுரை நேர்மையாகாது. பெர்லின் நகரில் பால் பால்ட்டஸ், ராய்ன்ஹோல்ட் கிளீகல் ஆகியோர் இளையோர்க்கும் முதியோர்க்கும் ஒரு பழைய நினைவுக்கலையைக் கற்பித்தனர். நன்கு தெரிந்த ஊரின் இடங்களை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு, நினைவில் கொள்ள வேண்டிய சொல் ஒவ்வொன்றையும் ஓர் இடத்தோடு இணைத்துக் காண்பதே அக்கலை. கோயில் வாசலில் ஒன்று, தேர்முட்டியில் ஒன்று, குளக்கரையில் ஒன்று என்று சொற்களை வைத்துக்கொண்டே செல்வது போன்றது அது. பயிற்சிக்குப் பின் முதியோர் தம் முந்தைய நிலையைவிடப் பன்மடங்கு முன்னேறினர். ஆனால், அதே பயிற்சியைப் பெற்ற இளையோர் அவர்களைவிடவும் முன்னேறினர். 1992இல் வெளியான முடிவின்படி, பயிற்சி மிகுந்தபோது இரு சாரார்க்கும் இடைப்பட்ட தொலைவு குறையவில்லை; கூடியது. முதியவர் கற்க இயலும் என்பதும், வயது ஓர் எல்லையை இடுகிறது என்பதும் ஒரே ஆய்வில் கிடைத்த இரு உண்மைகள்.

நோயால் வரும் மறதி வேறு. அல்சைமர் நோய் முதலியவற்றால் மூளைச் செல்கள் சிதையும்போது, பழகிய தெருவில் வழி தவறுதல், சற்றுமுன் கேட்ட வினாவையே திரும்பத் திரும்பக் கேட்டல், பணத்தைக் கையாள இயலாமற்போதல் போன்ற அறிகுறிகள் தோன்றுகின்றன. இவை நம்பிக்கையால் விளைந்தவையல்ல, ஊக்கமொழியால் தீர்பவையும் அல்ல, மருத்துவரிடம் காட்டவேண்டியவை. 'வயதானால் அப்படித்தான்' என்னும் நம்பிக்கை இங்கு வேறொரு தீங்கைச் செய்கிறது. நலமாக இருப்பவரை முடங்கச் செய்யும் அதே சொல், நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் தடுத்துவிடுகிறது.

புதிதாகக் கற்றல்

டெனிஸ் பார்க் என்பவரின் தலைமையில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 முதல் 90 வயதுவரை உள்ள இருநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். சிலர் எண்ணிமப் புகைப்படக்கலையைக் கற்றனர். சிலர் துண்டுத் துணிகளை இணைத்து விரிப்புத் தைக்கக் கற்றனர். சிலர் இரண்டையும் கற்றனர். மூன்று மாதம், வாரத்திற்குச் சராசரியாக 15 மணி நேரத்திற்கு மேல் அவர்கள் உழைத்தனர். வேறு சிலர் கூடிப் பேசியும் சுற்றுலா சென்றும் காலம் கழித்தனர். இன்னும் சிலர் வீட்டில் இசை கேட்டும் எளிய சொல் விளையாட்டுகளில் ஈடுபட்டும் வந்தனர். புதிய கலையைக் கற்றவர்களிடம், குறிப்பாகப் புகைப்படக்கலை கற்றவர்களிடம், நிகழ்ச்சிகளை நினைவிற்கொள்ளும் ஆற்றல் மேம்பட்டது. பழகிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டவர்களிடம் அத்தகைய மேம்பாடு காணப்படவில்லை. இம்முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாயின. செய்தித்தாளில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை நாள்தோறும் நிரப்பினால் நினைவு கூர்மையாகும் என்று நம்பியிருப்போர்க்கு இது சற்று ஏமாற்றமளிக்கலாம்.

நம் வீடுகளில் முதியோர் புதிதாகக் கற்கும் கலை இன்று பெரும்பாலும் கைப்பேசிதான். படம் அனுப்புவது எப்படி, பணம் செலுத்துவது எப்படி என்று தாத்தா கேட்கிறார். பேரன் கைப்பேசியை வாங்கி, நான்கு நொடியில் தானே செய்து கொடுத்துவிடுகிறான். அன்பினால் செய்யப்படும் உதவிதான் அது. ஆனால், தாத்தாவின் கையில் ஒரு செயலும் நிகழவில்லை. அவர் நினைவிலிருந்து எதுவும் மீட்டெடுக்கப்படவில்லை. மறுநாள் அவர் மீண்டும் கேட்கிறார். 'நேற்றுத்தானே சொன்னேன்' என்னும் விடை வருகிறது. நேற்றுச் சொல்லப்படவில்லை, செய்து தரப்பட்டது. கைப்பேசி தாத்தாவின் கையிலேயே இருக்க, அவரே ஒவ்வொரு படியையும் அழுத்தி, அவர் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிவைத்து, பிற்பகலில் ஒருமுறையும் இரண்டு நாள் கழித்து ஒருமுறையும் தாளைப் பாராமல் செய்து பார்த்தால், மேலே கண்ட உத்திகள் அனைத்தும் அதில் அடங்கிவிடும். இதற்குத் தேவைப்படுவது பேரனின் பொறுமை. அதுவே அரிய பொருள்.

முதுமையைப் பற்றிய நம்பிக்கை முதுமையில்தான் தொடங்குகிறதா? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நெடுங்கால ஆய்வில் பங்கேற்றோரிடம், முதியோரைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று முற்காலத்தில் ஒருமுறை கேட்கப்பட்டிருந்தது. 'முதியோர் மறதி மிக்கவர்' என்பது போன்ற கூற்றுகளை ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா என்று அவர்கள் குறித்தனர். பெக்கா லெவி முதலியோர் அவ்விடைகளை, அதே மனிதர்கள் பின்னர் 38 ஆண்டுக்காலம்வரை எழுதிய நினைவுச் சோதனைகளோடு ஒப்பிட்டு 2012ஆம் ஆண்டு வெளியிட்டனர். முதியோரைத் தாழ்வாக எண்ணியவர்களின் நினைவாற்றல், 60 வயதைக் கடந்தபின், மற்றவர்களைவிட விரைவாகத் தேய்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டதால் ஒன்றே மற்றொன்றிற்குக் காரணம் என்று உறுதியாகக் கூறிவிட இயலாது. ஆனால், அவ்வினாத்தாளை நிரப்பியபோது அவர்களுள் பலர் முதியவர்கள் அல்லர். அவர்கள் வேறு யாரையோ பற்றி விடையளிப்பதாகத்தான் எண்ணியிருப்பார்கள்.